முதல் ஜும்ஆவின் திகதி

02.09.2025, செவ்வாய்
பள்ளிவாசல் கல்வெட்டு வாசகத்தை இம்மாதம் 22ஆம் திகதிக்குள் நான் கொடுத்தாக வேண்டும். முதல் ஜும்ஆத் தொழுகை நடந்தது 09.08.1963, வெள்ளி. நாவுல பதுர்தீன் 16 என்கிறார். அன்று தம் வாப்பா உதுமாலெப்பைதான் தொழுகைக்கு அழைக்கும் முதல் பாங்கைச் சொன்னாராம். 9ஆம் திகதி அவர் கண்டி ஆஸ்பத்திரியில் இருந்தாராம். என் திகதி சரியென்றால் அந்தப் பெயர் கல்லில் வராது. பதினான்கு வருடங்களாக எங்களுக்குள் பேச்சில்லை.

04.09.2025, வியாழன்
இணையத்தில் எதை நம்புவது? மகள் ஜெஸ்லாவின் கொம்பியூட்டரில் ஒரே கேள்வியை மூன்றிடம் கேட்டேன். முதல் தேடுபொறி விடைக்கு முன் கட்டில் விளம்பரம் காட்டியது. இரண்டாவது சுத்தம். மூன்றாவது ஏஐ, "அருமையான கேள்வி" என்று என்னைப் புகழ்ந்தது. தேவையற்ற வேலை. மூன்றின் விடையும் 09.08.1963.
அச்செடுத்து பதுர்தீனுக்கு அனுப்பலாமா?

05.09.2025, வெள்ளி
ஜெஸ்லா அச்சுத்தாளைப் பார்த்துச் சிரித்தாள். "வாளி மூணு சரி வாப்பா. கிணறு எத்தனை? எங்க இருந்து எடுத்துச்சுன்னு அமத்திப் பாருங்க."
விடைகளுக்குக் கீழிருந்த இணைப்புகளை அழுத்தினேன். மூன்றும் ஒரே இடத்துக்குப் போயின: பள்ளிவாசல் மலர், 2011, பக்கம் 14. எழுதியவர் — ஏ. எல். எம். புஹாரி.
நான்.

06.09.2025, சனி
அன்று எதைப் பார்த்து எழுதினேன்? ஒரு தாளையும் பார்க்கவில்லை. 1963இல் எனக்கு எட்டு வயது. புதுச் சாரம் உடுத்தது மட்டும் நினைவிருக்கிறது. ஊரார் திகதிகளிலெல்லாம் பிழை பிடித்தவன் — என்ன வேல செஞ்சி வச்சிருக்க, புஹாரி?

10.09.2025, புதன்
காலை 7.20 பஸ்ஸில் நாவுல போனேன். பதுர்தீன் வாசலை மறித்து நின்றார்.
"என்ன மாஸ்டர், எங்க வாப்பாவ இன்னொரு தரம் ஆஸ்பத்திரியில போட வந்தீங்களா?"
"உங்களிடம் ஆதாரம் ஏதும் இருக்கிறதா?"
"பதினாலு வருஷத்துக்கு முந்தியே கொண்டுவந்தேன். 'மலர்ல அச்சாகிட்டு'ன்னு சொல்லி, கையிலயும் வாங்கல்ல நீங்க."
பழைய கிதாபின் பக்கங்களுக்குள்ளிருந்து ஓர் அழைப்பு நோட்டீஸை எடுத்துத் தந்தார். முதல் ஜும்ஆ: 16.08.1963, வெள்ளி. பாங்கு: உதுமாலெப்பை.
இருமுறை வாசித்தேன். பிறகு மன்னிப்புக் கேட்டேன். "முதல்ல தேத்தண்ணிய குடிங்க" என்றார்.

21.09.2025, ஞாயிறு
இணையத்தின் அந்த மூன்றுக்கும் திருத்தம் எழுதி அனுப்பி பத்து நாட்களாகின்றன. மூன்றும் இன்னும் 9 என்றே சொல்கின்றன.
கல் வெட்டுபவரிடம் வாசகத்தைக் கொடுத்தேன். உதுமாலெப்பையின் பெயர் இரண்டாம் வரியில். கடைசி வரியைப் பார்த்து அவர், "கல்லுல யாரு சேர் ஆதாரம் போடுவா?" என்றார்.
போடச் சொன்னேன்: "ஆதாரம்: அழைப்பு நோட்டீஸ், பதுர்தீன் வீடு, நாவுல."