மாமா சவரம் செய்கிற நேரம்

அத்தை,

இன்று மத்தியானம் அம்மா பழுப்புத் தாளைத் தரையில் விரித்து வைத்துவிட்டு என்னைப் பார்த்து முழித்தாள். வீடு முழுக்கப் புதுத் தாளின் வாசம். "இத எந்தப் பக்கம் மடிக்கணும்டி?" என்றாள். பன்னிரண்டாவது தடவையாகப் பிள்ளையைப் பள்ளிக்கூடம் அனுப்புகிறவள் கேட்கிற கேள்வியா இது? தப்பு அவள்மேல் இல்லை. ஜூன் வந்தால் நம் வளவின் ஆறு குடித்தனத்துப் புத்தகங்களுக்கும் அட்டை போட்டவர் நீங்கள் ஒருவர்தான். மற்றவர்கள் பசை தடவினார்கள், மீதி நேரம் வாய் பார்த்தார்கள். நான் பசையைத் தின்றேன் என்று ஊரெல்லாம் சொல்லி வைத்தீர்களே, அது அபாண்டம். ஒரே ஒரு தடவைதான் தின்றேன். உப்பு மட்டும் கொஞ்சம் குறைவு.

நீங்கள் கண்ணை மூடி நாலு மாதம் ஆகிறது. நாளைக்குப் பள்ளிக்கூடம் திறக்கிறார்கள். எனக்கும் உங்கள் மகள் சாந்திக்கும் பிளஸ் டூ. ஆனால் இன்று காலை ஆறு மணிவரை, சாந்தி வருவாளா மாட்டாளா என்று நம் வளவில் யாருக்கும் தெரியாது. போன வாரம் திருமங்கலத்திலிருந்து மாமாவின் அக்கா வந்து நாலு நாள் இருந்தார். ஊருக்குக் கிளம்பும்போது, பையைத் தோளில் மாட்டிக்கொண்டு, வாசலில் நின்று, "வீட்டுல பொம்பள இல்லைன்னு ஆச்சு. இவளும் புத்தகத்தத் தூக்கிட்டுப் போயிட்டா ஒல வைக்கிறது யாருடா?" என்று கேட்டார். கேட்டுவிட்டு பஸ் ஏறிவிட்டார். மாமா சட்டையை மாட்டிக்கொண்டு வேலைக்குக் கிளம்பிவிட்டார். சாந்தி புத்தகம் வாங்கவில்லை. "அப்பா ஒண்ணும் சொல்லலடி" என்றாள்.

இதே கேள்வி மூன்று வருடத்துக்கு முன்னாலும் வந்ததே அத்தை, நினைவிருக்கிறதா?

அப்போது நாங்கள் எட்டாம் வகுப்பு முடித்திருந்தோம். சாந்தி பெரியவளாகிச் சடங்கும் முடிந்திருந்தது. ஒரு நாள் மாமா சாப்பிட்டு எழுந்து கை கழுவிக்கொண்டே, "எட்டு வரைக்கும் படிச்சாச்சு, போதும். ஒம்பதுக்கு அனுப்ப வேணாம்" என்றார். நாளைக்குக் கத்தரிக்காய் வேண்டாம் என்பதுபோலச் சொன்னார். சாந்தி எங்கள் வீட்டுக்கு ஓடிவந்து அரிசி மூட்டைக்குப் பின்னால் உட்கார்ந்து அழுதாள். நீங்கள் சண்டை போடுவீர்கள் என்று நான் சன்னலில் தொற்றிக்கொண்டு காத்திருந்தேன். நீங்களோ தட்டை எடுத்துக்கொண்டு, "ரசம் எப்படி இருந்துச்சு?" என்று கேட்டீர்கள். எனக்குச் சப்பென்று போய்விட்டது.

மறுநாள் காலையில்தான் உங்கள் வேலை தொடங்கியது.

நம் வளவுக் குழாயில் ஆறு மணிக்குத் தண்ணீர் வரும். அதே ஆறு மணிக்குத்தான் மாமா குழாய்க்கு எதிரே தூணில் கண்ணாடியை மாட்டிக்கொண்டு சவரம் செய்வார். சிம்மக்கல்லில் மொத்த வெங்காயக் கடையில் எடை போடுகிறவர், எதையும் நிதானமாகத்தான் செய்வார். சவரம் முடிய அரை மணி நேரம். முகம் முழுக்க சோப்பு நுரை. வாயைத் திறந்தால் நுரை உள்ளே போய்விடும். அந்த அரை மணியில்தான் நீங்கள் குடத்தைக் குழாயடியில் வைத்துவிட்டு எங்கள் அம்மாவைக் கூப்பிட்டீர்கள்.

"ஏ பார்வதி, பள்ளிக்கூடம் தொறக்கப் போறாகளே, ஒம் மகளுக்கு மத்தியானத்துக்கு என்ன கட்டிக் குடுக்கப் போற?"

அம்மாவுக்கு முதலில் ஒன்றும் புரியவில்லை. "அதுக்கு இன்னும் பதினஞ்சு நாளு கெடக்கே மதினி" என்றாள்.

"கெடந்தா என்ன? இப்பவே யோசிச்சு வச்சாத்தான ஆகும். எங்க சாந்திக்குப் புளிச்சோறுதான் சரி. தயிர்ச்சோறு கட்டுனா மூடி வழியா ஒழுகி நோட்டெல்லாம் நாறிப் போகுது. போன வருசம் பூகோள நோட்டுல இமயமலையே கரைஞ்சு போச்சு."

இப்போது அம்மாவுக்குப் புரிந்துவிட்டது. அவள் கண்ணில் மின்னல் வெட்டியதை நான் பார்த்தேன். "ஆமா மதினி, மூடி இறுக்கமா இருக்கணும். ஒம்பதாப்புக்கும் பஸ்ஸுலதான போகணும். கூட்டத்துல நசுங்கிறும்" என்று எடுத்துக் கொடுத்தாள்.

மாமா கண்ணாடிக்குள்ளிருந்து உங்களைப் பார்த்தார். கத்தியைத் தாடைக்குக் கீழே வைத்திருந்தார். அந்த நிலையில் எந்த மனுசன் பேசுவான்?

இப்படியே பதினைந்து நாள், அத்தை! ஒரு நாள் தலைக்கு எண்ணெய். ஒரு நாள் தாவணிக்கு என்ன துணி, துவைத்தால் சாயம் போகுமா போகாதா. ஒரு நாள் எந்த டவுன் பஸ்ஸில் ஏறினால் உட்கார இடம் கிடைக்கும். நடுநடுவே என் சேட்டை, அப்பாவின் குறட்டை, மண்ணெண்ணெய்க்கு நிற்கிற வரிசை. சாந்தியை அனுப்ப வேண்டும் என்று ஒரு நாளும் நீங்கள் வாய் திறந்து சொல்லவில்லை. அவள் போவது என்றோ முடிவான சங்கதி, மீதிச் சில்லறை வேலையைத்தான் பேசுகிறோம் என்பதுபோலப் பேசினீர்கள். மூன்றாவது வீட்டு டீச்சரம்மாவும் ஐந்தாவது வீட்டு அக்காவும் குடத்தோடு வந்து சேர்ந்துகொண்டார்கள். குழாயில் தண்ணீர் நின்றாலும் பேச்சு நிற்காது. மாமா மட்டும் நுரையோடு நின்றார்.

கெடுத்தது நான்.

பள்ளிக்கூடம் திறக்க இரண்டே நாள். மாமா இன்னும் சரியென்று சொல்லவில்லை. எனக்குப் பொறுக்கவில்லை. வால் இருந்தால் ஆட்டத்தானே தோன்றும்? தலைமையாசிரியை எழுதுவதுபோல மாமாவுக்கு ஒரு கடிதம் எழுதினேன். 'மதிப்பிற்குரிய ஐயா, தங்கள் அருந்தவப் புதல்வி எங்கள் பள்ளியின் ஒளிவிளக்கு. அவள் வராவிட்டால் பள்ளியே இருண்டுவிடும்' என்று ஆரம்பித்து ஒரு பக்கம். முத்திரை வேண்டுமே? உங்கள் கூடையிலிருந்து ஓர் உருளைக்கிழங்கை எடுத்து, பாதியாக வெட்டி, வட்டமாகச் செதுக்கி, மையில் தோய்த்து ஒரு குத்து. உறையில் போட்டு உங்கள் வீட்டுக் கதவிடுக்கில் செருகிவிட்டேன்.

மாமா அந்தக் கடிதத்தை மூன்று தடவை படித்தார். முகம் மலர்ந்தது. நான் மனசுக்குள் எனக்கே மாலை போட்டுக்கொண்டேன். அடுத்து அவர் சொன்னதைக் கேட்டதும் மாலை வாடிவிட்டது.

"இம்புட்டு மரியாதையா எழுதியிருக்காக. இவுகளுக்குத் தெரியாம நிறுத்துறது முறையில்ல. தெறக்கிற அன்னிக்கி நேர்ல போயி ரெண்டு வார்த்த நன்றி சொல்லிட்டு, புள்ளைய நிறுத்திக்கிறோம்னும் சொல்லி, டி.சி.யைக் கையோட வாங்கிட்டு வந்துர்றேன்."

பேசாமல் இருந்திருந்தால், பதினைந்து நாள் பேச்சோடு பேச்சாக அவரும் வழுக்கிக்கொண்டு வந்திருப்பார். நான் போய் அவருடைய மரியாதையைக் கிளப்பிவிட்டேன். மாமாவிடம் கிளப்பக் கூடாதது அது ஒன்றுதான்.

நீங்கள் கடிதத்தை வாங்கிப் பார்த்தீர்கள். பிறகு என்னைப் பார்த்தீர்கள். என் விரலைப் பார்த்தீர்கள். "ஏ வாலு, எங்கூடையில நாலு உருளக்கெழங்கு வச்சிருந்தேன். மூணுதான இருக்கு?" என்றீர்கள், மாமாவுக்குக் கேட்காத குரலில். என் காது உங்கள் கைக்கு வந்ததும் எனக்குத் தெரியும், போனதும் தெரியும். நடுவில் என்ன நடந்தது என்பதை இங்கே எழுதப்போவதில்லை.

திறக்கிற அன்று மாமா வெள்ளைச் சட்டை போட்டார். சட்டைப் பையில் கடிதம். நீங்கள் சாந்திக்குப் புதுத் தாவணி கட்டிவிட்டீர்கள். "பெரிய டீச்சரப் பாக்கப் போறோம், நல்லா உடுத்திட்டுப் போகட்டும்" என்று அவரிடம் சொன்னீர்கள். பையும் அவள் தோளில் இருந்தது. அதைப் பற்றி அவரும் கேட்கவில்லை, நீங்களும் சொல்லவில்லை. அம்மாவும் நானும் பின்னாலேயே வந்தோம். மாமா தலைமையாசிரியை அறைக்குள் போனால் சாந்தியின் படிப்பும் போகும், என் தோலும் போகும்.

பள்ளிக்கூடத்து வேப்பமரத்தடியில் அப்பா அம்மாக்கள் கூட்டம். தலைமையாசிரியை அறைக்கு வரிசை. மாமாவுக்குப் பின்னால் ஒருவர், ஆனையூரிலிருந்து மகளைக் கூட்டிக்கொண்டு வந்திருந்தார். நீங்கள் அவருடைய மனைவியைப் பார்த்து ஒரு சிரிப்புச் சிரித்து, "உங்களுக்கு அங்கிருந்து பஸ்ஸு சரியா கெடைக்கிதா?" என்றீர்கள். அவ்வளவுதான், பற்றிக்கொண்டது. அந்த அண்ணன் மாமாவிடம் பேச்சுக் கொடுத்தார்.

"அண்ணே, உங்க புள்ள எத்தனாப்பு?"

"எட்டு முடிச்சிருக்கு" என்றார் மாமா.

"அப்ப ஒம்பதா! எம் மகளும் ஒம்பதுதாண்ணே. சோறு கட்டிக் குடுத்தா அப்படியே திருப்பிக் கொண்டாந்துருது. என்ன செய்யிறதுன்னே தெரியல."

மாமா தொண்டையைச் செருமினார். நான் கண்ணை மூடிக்கொண்டேன்.

"என்ன கட்டுறீக? தயிர்ச்சோறா?"

"ஆமாண்ணே."

"அதான். தயிர்ச்சோறு ஆகாது. ஒழுகிரும். புளிச்சோறு கட்டுங்க. எங்க சாந்தி புளிச்சோறுதான் திங்கும். மூடி இறுக்கமா இருக்கணும், பாத்துக்கங்க. பஸ்ஸுக் கூட்டத்துல நசுங்கிறும்."

கண்ணைத் திறந்தேன். பதினைந்து நாளாக நுரைக்குள்ளே அடைபட்டுக் கிடந்த பேச்செல்லாம் மாமாவின் வாயிலிருந்து வரிசையாக வந்துகொண்டிருந்தது! எண்ணெய், தாவணிச் சாயம், உட்கார இடம் கிடைக்கிற பஸ். இன்னும் இரண்டு அப்பாக்கள் வந்து சேர்ந்தார்கள். மாமா பத்துப் பிள்ளைகளைப் பள்ளிக்கு அனுப்பியவர் மாதிரி யோசனை சொன்னார். நீங்களும் அம்மாவும் மரத்தின் அந்தப் பக்கம் நின்று, முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டிருந்தீர்கள்.

பியூன் வெளியே வந்து, "அடுத்தது யாரு?" என்றார். மாமாவின் கை சட்டைப் பைக்குப் போனது. ஆனையூர் அண்ணன், "தாவணிய எத்தன நேரம் உப்புத் தண்ணியில ஊற வைக்கணும்ணே?" என்று கேட்டார். மாமா பியூனைப் பார்த்தார், அந்த அண்ணனைப் பார்த்தார். "பின்னாடி நிக்கிறவுகள உள்ள விடுங்க. எங்களுக்கு ஒண்ணும் அவசரமில்ல" என்றார்.

மணி அடித்தது. பிள்ளைகள் வகுப்பு வகுப்பாக வரிசையில் நின்றார்கள். சாந்தி அப்பாவைப் பார்த்தாள். பத்துப் பேருக்கு முன்னால் 'எங்க சாந்தி' என்று அத்தனை சொல்லிவிட்டு, இனி அவர் எதைச் சொல்ல? "என்ன முழிக்கிற? ஒங்க வரிசை அந்தா நிக்கிதுல்ல" என்றார். அவள் ஓடினாள். நானும் ஓடினேன். ஓடும்போதே நான் போட்ட கூச்சலுக்கு முதல் நாளே முட்டிபோட வைத்தார்கள். சந்தோஷமாக முட்டிபோட்டேன்.

அன்று சாயங்காலமே அந்த வெள்ளைச் சட்டையைப் பையைப் பார்க்காமல் ஊறப்போட்டீர்கள். கடிதம் கூழாகிவிட்டது. துணியை அலசிக்கொண்டே என்னிடம், "இனிமே எம் புருசனுக்குக் கடுதாசி எழுதுறதுன்னா நான் எழுதிக்கிறேன். நீ எழுதாத" என்றீர்கள்.

இனி இன்று காலைக்கு வருகிறேன்.

ஆறு மணிக்குத் தண்ணீர் வந்தது. மாமா தூணில் கண்ணாடியை மாட்டினார். முகத்தில் நுரை போட்டார். நான் அம்மாவை இடித்தேன். "பேசும்மா." அம்மா வாயைத் திறந்தாள், குரல் வரவில்லை. நீங்கள் நிற்கிற இடத்தைப் பார்த்துக்கொண்டே குடத்தைக் கட்டிக்கொண்டு நின்றாள். நாளைக்குப் பள்ளிக்கூடம், அத்தை. இன்று விட்டால் பேச நாளில்லை. நான் போய் உங்கள் இடத்தில் நின்றேன். இடுப்பில் கையை வைத்தேன்.

"ஏ பார்வதி!" என்றேன்.

பெற்ற தாயைப் பேர் சொல்லிக் கூப்பிட்டேன், அதுவும் உங்கள் ராகத்தில். அம்மா திடுக்கிட்டாள். ஐந்தாவது வீட்டு அக்கா வாளியைக் கீழே போட்டாள். மாமாவின் கத்தி கன்னத்தில் அப்படியே நின்றது.

"நாளைக்குப் பள்ளிக்கூடமாச்சே, ஒம் மகளுக்கு என்ன கட்டிக் குடுக்கப் போற? எங்க சாந்திக்கு என்ன கட்டுறதுன்னே தெரியல" என்றேன். அதிகப்பிரசங்கித்தனம் பண்ணிவிட்டோம் என்று நினைத்தேன். மாமா கத்தியைக் கீழே வைத்தார். ஒரு பக்கம் நுரை, ஒரு பக்கம் மழுமழு. நேராக எங்களிடம் நடந்து வந்தார். நான் ஓடத் தயாரானேன்.

"தங்கச்சி" என்றார், அம்மாவிடம். "எலுமிச்சஞ்சோத்துக்குப் பழத்த எப்பப் பிழியணும்? நேத்து அடுப்புல இருக்கையிலயே பிழிஞ்சு பாத்தேன், கசந்து போச்சு. அதுக்கு மொத நாளும் அப்படித்தான். காலையில அவளுக்குக் கட்டிக் குடுக்கணும்ல?"

உங்கள் வீட்டு வாசலில் நின்ற சாந்தி இரண்டு கையாலும் முகத்தைப் பொத்திக்கொண்டாள். நம் சாந்தி சிரித்தாலும் அழுதாலும் அப்படித்தானே செய்வாள்? இரண்டும்தான் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

அம்மாவுக்கு இப்போது குரல் வந்துவிட்டது. "எறக்கி வச்சு, சூடு போனதுக்கு அப்புறந்தாண்ணே பிழியணும்!" என்று ஆரம்பித்தாள். பெருங்காயத்துக்குப் போய், கடலைப் பருப்புக்குப் போய், எந்தப் பஸ்ஸில் கூட்டம் குறைவு என்பதுவரை போய்விட்டார்கள். மாமாவின் கன்னத்தில் நுரை காய்ந்து பொருக்குத் தட்டியது. தண்ணீர் நின்றதை ஒருவரும் கவனிக்கவில்லை. இன்று வளவில் எல்லோர் வீட்டிலும் அரைக்குடம்தான்.

உங்கள் பேச்சு என் வாய்க்கு வருகிறது அத்தை, நான் கூப்பிடாமலே வருகிறது. அதை நான் வைத்துக்கொள்கிறேன். காதைத் திருகுகிற கையைத்தான் எங்கே தேடுவது என்று தெரியவில்லை.

பேச்சு ஓய்ந்து, மிச்சச் சவரத்துக்குத் திரும்பிப் போன மாமா, பாதி வழியில் நின்று என்னைப் பார்த்தார்.

"ஏ வாலு, உங்க அத்த கொரலு இம்புட்டுக் கட்ட இல்ல. நாளைக்கு ஒழுங்காப் பேசு" என்றார்.