ரங்கிடோட்டோ குகையில் சுதா

மார்ச் 9, ஞாயிறு இரவு.

மனைவி சுதாவோடு இன்று ரங்கிடோட்டோ தீவுக்குப் போனேன். எரிமலைக் குழம்பு ஓடியதால் உண்டான குகைக்குள் டார்ச் அடித்தபடி குனிந்து நடந்தோம். சுதா நின்றுவிட்டாள்.

"ஏங்க, டார்ச்சை ஏன் அணைச்சீங்க? விளையாடாதீங்க."

டார்ச் எரிந்துகொண்டுதான் இருந்தது. அவள் முகத்துக்கு எதிரே கரும்பாறையில் வெளிச்சம் விழுந்திருந்தது.

கையைப் பிடித்து வெளியே கூட்டிவந்தேன். வெயிலில் அவளுக்கு எல்லாம் தெரிந்தது. நடந்ததைச் சொன்னேன். சிரித்தாள்.

"வெயில்லேர்ந்து போனதுல கண்ணைக் கட்டியிருக்கும். உங்களுக்கு எல்லாமே தலைப்புச் செய்திதான்."

நாளை விடியும் முன்பே அவள் ஆல்பனிக்கு வேலைக்குக் கார் ஓட்ட வேண்டும். டாக்டரைப் பார்க்கும்வரை வேண்டாம் என்றேன். "சும்மா இருங்க" என்று திரும்பிப் படுத்துத் தூங்கிவிட்டாள்.

கார்ச் சாவி என் தலையணைக்கு அடியில் இருக்கிறது.