பாலத்தை விட்டுவிட்டுப் போட்ட பாதை

அன்புள்ள தம்பிக்கு,

அக்கா எழுதுகிறேன். இங்கே எல்லோரும் சுகம். அங்கே குளிரில் உன் முழங்கால் மக்கர் பண்ணாமல் இருக்கிறது என்று நம்புகிறேன். போனில் சைக்கிள் பேச்சை எடுத்தாலே உனக்கு சிக்னல் கிடைக்காமல் போய்விடுகிறது. கடிதத்திடம் அந்தச் சாக்கு பலிக்காது, அதனால்தான் பேனாவை எடுத்தேன்.

விஷயத்தை முதலில் சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் என் தலையே வெடித்துவிடும். நிறைவேறிவிட்டதடா! தேசியப் போக்குவரத்துத் திட்டம் நேற்று நாடாளுமன்றத்தில் நிறைவேறிவிட்டது. சைக்கிளுக்காக எங்கள் சங்கம் கேட்ட பிரிவு அதில் இருக்கிறது, கேட்டதற்கு மேலேயே இருக்கிறது. இனி எந்தச் சாலையைப் புதிதாகப் போட்டாலும், எந்தப் பாலத்தைப் பழுது பார்த்தாலும், சைக்கிளுக்குத் தனிப்பாதை விட்டாக வேண்டும். வெறும் வெள்ளைக் கோடு இழுத்துவிட்டுப் போக முடியாது, பஸ் ஏறாதபடி நடுவில் கல் கட்ட வேண்டும். சங்கத்தில் எல்லோருக்கும் வாயெல்லாம் பல். தலைவர் பல் டாக்டர் என்பதால் அவருக்கு மட்டும் அது வரிசையாக இருந்தது. நான் கண்ணாடிக் கடைக்கு லீவு சொல்லக்கூட மறந்துவிட்டேன். திட்டுவதற்காகப் போன் செய்த முதலாளி, விஷயத்தைக் கேட்டதும் சாயங்காலம் வரை வர வேண்டாம் என்றார்.

இது கிடைத்த கதையைக் கேள். கிட்டத்தட்ட கைநழுவிப் போயிருக்கும். நழுவவிடப் பார்த்தது வேறு யாருமில்லை, நாங்களேதான்.

கோடையில் ஒருநாள் போக்குவரத்துத் துறைச் செயலாளர் அம்மா, எங்களோடு சைக்கிளில் வந்து நிலவரத்தைப் பார்க்கிறேன் என்றார். எங்கள் பிரிவு இருப்பதும் போவதும் அவர் கையில். படிக்கிற காலத்தில் ஓட்டியதோடு சரி, பிறகு கார்தான் என்று முன்கூட்டியே சொல்லிவிட்டார். நாங்கள் உட்கார்ந்து அவருக்குப் பாதை போட்டோம். வினை அங்கேதான் ஆரம்பம். ரவுண்டானா வேண்டாம், லாரி திரும்புகிற லட்சணத்தைப் பார்த்து நானே இரண்டு தெரு சுற்றித்தான் போகிறேன் என்றார் எங்கள் பொருளாளர் தபால்காரம்மா. சந்தை ரோடு வேண்டாம் என்றார் பல் டாக்டர். யாரோ கார்க் கதவைத் திறந்து அவர் விழுந்த இடம் அது. நான் பாலம் வேண்டாம் என்றேன். ஏன் என்று யாரும் கேட்கவில்லை. தினமும் ஓட்டுகிறவர்களுக்கு வருகிற வியாதி இது. ஆபத்தைச் சுற்றிச் சுற்றிப் போய், கடைசியில் சுற்றுவதுதான் வழி என்றே ஆகிவிடுகிறது.

அன்றைக்கு மர நிழல், பூங்கா ஓரம், ஆற்றங்கரை என்று ஊரே எங்களுக்காகப் பெருக்கிவைத்தது போல் இருந்தது. செயலாளர் அம்மா மணியை வேறு அடித்து அடித்துப் பார்த்தார். ஆற்றங்கரையில் இறங்கித் தண்ணீர் குடித்துவிட்டுச் சொன்னார்:

"இவ்வளவு சுகமா இருக்கே. இதுக்கா தனிப்பாதை, சட்டம்னு கேக்கறீங்க?"

பல் டாக்டர் ஏதோ புள்ளிவிவரத்தை முணுமுணுத்தார், அவருக்கே அது கேட்டிருக்காது. எனக்கு வந்ததே கோபம், எல்லாம் என்மேல்தான். திரும்பும்போது சுற்ற வேண்டாம், வேலைக்குப் போகிறவர்கள் போகிற நேர்வழியில் போகலாமா என்று கேட்டுவிட்டேன். அவரும் சரி என்றார். நேர்வழி எது என்று உனக்கு நான் சொல்ல வேண்டியதில்லை.

அந்தப் பாலத்துப் பக்கமே போகக் கூடாது என்று நீ ஊரைவிட்டுக் கிளம்பிய அன்று என்னிடம் வாக்கு வாங்கினாய். மீறிவிட்டேன். திட்டுவதென்றால் பதில் கடிதத்தில் ஆசைதீரத் திட்டு. பாலம் ஏறியதுமே பின்னால் ஒரு பஸ் ஹாரன் அடித்தது. அது ஒட்டி உரசிப் போன வேகத்தில் செயலாளர் அம்மாவின் ஹேண்டில் ஆடியது. பாலத்துக் கைப்பிடிக் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றுவிட்டார். பிறகு இறங்கித் தள்ள ஆரம்பித்தார். நானும் இறங்கினேன். கம்பி வளைந்திருக்கிற இடம் வந்ததும் என் கால் தானாக நின்றது. இன்னும் அதை நிமிர்த்தவில்லை, மேலே பெயிண்ட் மட்டும் அடித்திருக்கிறார்கள். இங்கே ஏதாவது நடந்ததா என்று செயலாளர் அம்மா கேட்டார். வாரக்கணக்கில் மனப்பாடம் செய்த பேச்சில் ஒரு வரிகூட எனக்கு நினைவுக்கு வரவில்லை.

"என் தம்பி இங்கதான் விழுந்தான். அதுக்கப்புறம் அவன் சைக்கிளைத் தொடவே இல்ல."

அவ்வளவுதான் சொன்னேன். பாலம் முடிகிற வரைக்கும் அவர் தள்ளிக்கொண்டே வந்தார். மறுநாள் காலையில் துணைக்கு ஆளில்லாமல் வீட்டிலிருந்து அலுவலகத்துக்கு அதே வழியில் சைக்கிளில் போனாராம். அன்றும் பாலத்தில் இறங்கித் தள்ளினாராம். அடுத்து வந்த வரைவில் 'பாலங்கள்' என்ற சொல் புதிதாக இருந்தது. நாங்கள் அதைக் கேட்கவே இல்லை தெரியுமா? செலவு அதிகம், கேட்டால் உள்ளதும் போய்விடும் என்று அங்கேயும் பாலத்தை விட்டுவிட்டுத்தான் மனு எழுதியிருந்தோம். மழை முடிந்ததும் வேலை ஆரம்பிக்கிற முதல் வரிசையில் நம் பாலமும் இருக்கிறது!

வீட்டுச் செய்தி: உன் அத்தான் இன்னும் மோட்டார் பைக்கை விட மாட்டேன் என்கிறார், எதிர்க்கட்சி வீட்டுக்குள்ளேயே இருக்கிறது. அம்மா ரேடியோவில் செய்தி கேட்டுவிட்டு, கண்ணில் தூசி என்று உள்ளே போய்விட்டாள். அம்மாவுக்கு ரத்த அழுத்தம் கொஞ்சம் கூடியிருக்கிறது. மாத்திரையை ஒழுங்காகப் போடச் சொல்லி நீ ஒரு வார்த்தை சொல், என் பேச்சு எடுபடவில்லை. உன் சைக்கிள் பின்னறையில்தான் நிற்கிறது. அதன்மேல் துணி காயப்போடுகிறவளும் அம்மாதான், யாராவது விலைக்குக் கேட்டால் சண்டைக்குப் போகிறவளும் அம்மாதான். இன்று காலை துணியை எல்லாம் எடுத்துவிட்டு இரண்டு டயருக்கும் காற்றடித்தேன். காற்று நிற்கிறது.

பாதை திறக்கிற நாளுக்கு லீவு கேட்டுப் பார். உன்னை நான் ஓட்டச் சொல்லவில்லை. அவ்வளவு பெரிய அதிகாரியே தள்ளிக்கொண்டு வந்த பாலம் அது, நீயும் தள்ளிக்கொண்டே வரலாம். ஆற்றுப் பக்கமாக நீ வா. வண்டிகள் போகிற பக்கம் நான் வருகிறேன்.

நீ நன்றாக இரு, அது போதும். சீக்கிரம் வா.

உன் வழி பார்த்திருக்கும்
அக்கா