மூணு இடத்துல சொல்லி வச்ச டிரான்ஸ்ஃபார்மர்

அன்புள்ள குட்டிக்கு,

அம்மா எழுதுறேன். இங்க நாங்க ரெண்டு பேரும் நல்லபடியா இருக்கோம், அங்க நீயும் வேளைக்குச் சாப்பிட்டு, ஒழுங்காத் தூங்கி, உடம்பைப் பாத்துக்கிட்டு இருப்பேன்னு நம்பித்தான் பேனாவை எடுத்தேன். அப்பாவுக்கு முட்டிவலி பரவாயில்ல, படி ஏறும்போது மட்டும் படிக்கு ஒரு முனகல், அதுவும் நான் பக்கத்துல இருந்தாத்தான். குளியலறைக் குழாய் ஒழுகினதைத் தானே சரிபண்றேன்னு உக்காந்து, சொட்டிக்கிட்டு இருந்ததைப் பீச்சி அடிக்க வச்சுட்டார், அப்புறம்தான் பிளம்பரைக் கூப்பிட்டோம். நீ அனுப்பின போர்வை வந்துச்சு, அதை இன்னும் பிரிக்காம அலமாரியில வச்சிருக்கார், நல்ல குளிருக்குன்னு. இதெல்லாம் போன்லயே சொல்லலாமே, எதுக்குக் கடுதாசின்னு நீ கேப்ப. போன்ல நான் பாதி சொல்றதுக்குள்ள நீ பரவாயில்ல விடும்மான்னு சொல்லிடுவ. இந்த விஷயத்துல நீ அவ்வளவு சீக்கிரம் பரவாயில்லன்னு சொல்லக்கூடாது. முழுசாப் படிச்சுட்டு அப்புறம் என்ன சொல்லணுமோ சொல்லு.

போன வாரம் பேசினப்போ, புதுக் கட்டட வேலையிலேருந்து உன்னை எடுத்துட்டு, பழைய கட்டடத்துல சாமான் சரிபாக்கிற வேலையில போட்டிருக்காங்க, ஏன்னே தெரியலம்மான்னு சொன்ன. குரல் உள்ள போயிருந்துச்சு. நான் என்ன சொன்னேன், எல்லாம் நல்லதுக்குத்தான் இருக்கும், கொஞ்சம் ஓய்வு கிடைக்குமேன்னு சொன்னேன். போனை வச்சதும் அந்த வார்த்தை எனக்கே கசந்துச்சு. ஏன்னா காரணம் எனக்குத் தெரியும்மா. காரணம் நான்தான்.

ஆரம்பத்துலேருந்து சொல்றேன். நான் ஆபீஸ்ல என்ன பண்றேன்னு உனக்குத் தெரியும், அடுத்த சில வருஷத்துக்கு யார் யார் நம்ம டிரான்ஸ்ஃபார்மரை வாங்குவாங்கன்னு கணிச்சு டைரக்டர்களுக்கு ரிப்போர்ட் எழுதிக் கொடுக்கறது. முன்னெல்லாம் ஊர் ஊரா இருக்கிற மின்வாரியம்தான் பெரிய வாடிக்கை. இப்ப உங்க கம்பெனி மாதிரி டேட்டா சென்டர்க்காரங்க. அவங்களுக்கு ஒரு கட்டடம்னா அதுக்குன்னே தனியா ஒரு சப்-ஸ்டேஷன் வேணும், ஒரு சின்ன நகரமே எரிக்கிற கரண்ட்டை ஒரே கட்டடம் எரிக்குது. விசாரணை மேல விசாரணையா வந்து குவியுது. நானும் கோடு போட்டுக் காட்டினேன், கோடு மேல போச்சு, போய்க்கிட்டே இருந்துச்சு. டேட்டா சென்டர் ஆர்டருக்கு முதலிடம் கொடுக்கணும், வாரியங்களோட ஆர்டர் மெதுவாப் போனாலும் அவங்க எங்கயும் ஓடிட மாட்டாங்கன்னு நானே எழுதினேன். எழுதினப்போ ரொம்ப புத்திசாலித்தனமான வரின்னு தோணுச்சு. விற்பனை மேனேஜர், அதான் நீ மீசைன்னு பேர் வச்சியே அவரு, அந்த வரியை மீட்டிங்ல வாய்விட்டுப் படிச்சார். எங்க தொழிற்சாலையில பெரிய டிரான்ஸ்ஃபார்மருக்குக் கம்பி சுத்துறதுக்கும் அதைச் சோதிக்கிறதுக்கும் இடம் கொஞ்சம்தான், ஒண்ணு முன்னால போனா இன்னொண்ணு பின்னால போகணும். அப்படிப் பின்னால தள்ளின ஆர்டர்ல ஒண்ணு உன் சோடாபுட்டி மாமா இருக்கிற ஊரோடது. அவன் ஊர்ன்னு எனக்கு அப்பவே தெரியும். பழைய டிரான்ஸ்ஃபார்மர் இன்னும் கொஞ்ச காலம் தாங்கும்னு நினைச்சேன்.

அது தாங்கல. வெயில் ஏறினதும் எரிஞ்சு போச்சு. பக்கத்து ஊர் லைன்லேருந்து கொஞ்சம் கரண்ட் எடுத்து, தெருத் தெருவா மாத்தி மாத்திக் கொடுத்துக்கிட்டு இருந்தாங்க. அத்தைக்கு மூச்சு மெஷின் வச்சிருக்குன்னு உனக்குத் தெரியுமில்ல, அவளைப் பாக்கலாம்னு போனேன். வீட்டுக்குள்ள போனா கூடம் முழுக்க பேட்டரி, நடக்கிறதுக்கு ஒரு ஆள் வழிதான். மாமா தன்னோட சலவைக் கடையைச் சாத்திட்டு, மனுஷன் முழுநேரமும் பேட்டரியை ஒரு தெருவிலேருந்து இன்னொரு தெருவுக்குத் தூக்கிட்டுப் போய் சார்ஜ் போட்டுக் கொண்டு வர்றதே வேலையா இருந்தான். கரண்ட் போறப்போ மெஷின் ஒரு கூவல் கூவும், அத்தை உடனே கையை நெஞ்சுல வச்சுக்குவா, அவன் ஓடிப் போய் வயரை மாத்துவான். அதுலயும் அவளுக்குக் கிண்டல் போகல, கல்யாணமான புதுசுலகூட இவர் என் பின்னால இவ்வளவு ஓடலன்னு சொல்லிச் சிரிச்சு, சிரிச்சதுல மூச்சு வாங்கி, என்னைக் கலங்க வச்சுட்டா. அக்கம்பக்கத்துக்காரங்க என்னைப் பாக்க வந்தாங்க. எங்க அக்கா டிரான்ஸ்ஃபார்மர் கம்பெனியில பெரிய பதவியில இருக்கா, ஒரு வார்த்தை சொன்னாப் போதும், நமக்குச் சீக்கிரம் வந்துடும்னு மாமா எல்லார்கிட்டயும் சொல்லி வச்சிருக்கான். ஒரு அம்மா என் கையைப் பிடிச்சுக்கிட்டு, நீங்க வந்ததே தெம்பா இருக்குன்னு சொன்னாங்க. நான் சொன்ன ஒரு வார்த்தையாலதான் அது வராம இருக்குன்னு எனக்குச் சொல்ல வாய் வரல. அத்தை கொடுத்த காபியைக் குடிச்சுட்டு, பாக்கறேன், பேசறேன்னு சொல்லிட்டு பஸ் ஏறிட்டேன்.

பஸ்ல வர்றப்போதான் நீ சொன்னது ஞாபகம் வந்துச்சு. கொஞ்ச நாள் முன்னால நீ சாப்பிட்டுக்கிட்டே போன்ல பேசினியே, எங்க கம்பெனி ஒரே டிரான்ஸ்ஃபார்மரை மூணு தொழிற்சாலையில சொல்லி வச்சிருக்கும்மா, எது முதல்ல வருதோ அதை வச்சுக்கிட்டு மத்ததை விட்டுடுவாங்க, இதுல இன்னும் இடத்துல மண்ணே சமப்படுத்தல, கரண்ட் லைன் வர்றதுக்கே ரொம்ப நாளாகும்னு. ஒரே விருந்துக்கு மூணு சமையல்காரரைச் சொல்லி வச்ச மாதிரி இருக்கேன்னு நான் சொல்ல, ரெண்டு பேரும் சிரிச்சோம். அப்ப அது வீட்டுப் பேச்சு. பஸ்ல உக்காந்தப்போ அது எனக்கு வேற மாதிரி கேட்டுச்சு. எனக்குச் சேதி தெரிஞ்ச ஒரு கம்பெனியே இப்படின்னா, மத்தவங்க எத்தனை பேர் பயத்துல இப்படிச் சொல்லி வச்சிருக்காங்களோ. ஒவ்வொரு தொழிற்சாலையிலயும் என்னை மாதிரி ஒருத்தி உக்காந்து அதே ஆர்டரைத் தன் ஆர்டர்னு எண்ணிக்கிட்டு இருப்பா. தேவை இருக்கு, இல்லன்னு சொல்லல, ஆனா நான் போட்ட கோடு அவ்வளவு உயரம் போயிருக்கக் கூடாது. அங்க எங்க தொழிற்சாலையில ஒரு டிரான்ஸ்ஃபார்மர் வேலை முடியிற நிலைமையில உங்க கம்பெனிக்குன்னு நிக்குது, போனா உங்க காலி இடத்துல தார்ப்பாய் போத்தி நிக்கும். இங்க அத்தை நெஞ்சுல கையை வச்சுக்கிட்டு உக்காந்திருக்கா.

மறுநாள் மீட்டிங்ல எந்திரிச்சுப் பேசினேன். ரிப்போர்ட் தப்பு, நான்தான் தப்பா எழுதினேன், அந்த டிரான்ஸ்ஃபார்மர் கிட்டத்தட்ட அதே அளவு, சின்னச் சின்ன மாத்தம் பண்ணி அந்த ஊருக்கு அனுப்பணும், டேட்டா சென்டர்க்காரங்களுக்கு இப்ப அவசரம் இல்லன்னு சொன்னேன். மீசை விடல. அவங்களுக்கு அவசரம் இல்லன்னு உங்களுக்கு எப்படித் தெரியும், ஆதாரம் இருக்கான்னு கேட்டார். டைரக்டரும் என்னைப் பாத்தார். அங்கதான் நான் சறுக்கினேன். இடம் தயாரா இருக்கான்னு வாடிக்கையாளர்கிட்ட முறையாக் கேக்கலாம், கேட்டா அவங்க பதில் சொல்லியே ஆகணும், கொஞ்ச நாள் ஆகும் அவ்வளவுதான். அதைச் சொல்லியிருக்கலாம். சொல்லல. என் பொண்ணு அங்கதான் வேலை செய்யறா, அவளே என்கிட்டச் சொன்னா, மூணு இடத்துல சொல்லி வச்சிருக்காங்கன்னு சொல்லிட்டேன். சொல்லி முடிச்சதும் மீசை பேனாவை எடுத்துக் குறிச்சுக்கிட்டார். ஒரு நொடி எனக்குப் பெருமையாக்கூட இருந்துச்சும்மா, அதையும் மறைக்காம எழுதறேன். அதுக்கப்புறம்தான் என்ன பண்ணிட்டேன்னு உறைச்சுச்சு. அன்னைக்கே மீசை உங்க கம்பெனிக்குப் போன் போட்டார். உங்க ஆளுங்களே சொல்றாங்களேன்னு பேசினாராம். உன் பேரைச் சொன்னாரான்னு கேட்டேன், சொல்ல வேண்டிய அவசியமே வரல, அம்மா இங்க, பொண்ணு அங்கன்னு அவங்களுக்கே தெரியும்னார்.

உங்க கம்பெனி முணுமுணுத்துட்டு விட்டுக் கொடுத்துடுச்சு. டிரான்ஸ்ஃபார்மர் ஊருக்குப் போய்ச் சேந்து, இப்ப அங்க கரண்ட் போறதில்ல. மாமா போன் பண்ணினான், கூடத்துல இப்ப கால் நீட்டி உக்கார இடம் இருக்குக்கா, கடையைத் திறந்துட்டேன், எல்லாம் உன்னாலதான்னு சொல்லி அழுதுட்டான். அத்தை போனை வாங்கி, இந்த மனுஷன் ஓடறதை நிறுத்திட்டார், இப்ப மறுபடி தொந்தி போடுதுன்னு சொன்னா. அந்த நன்றியில என் பங்கு எவ்வளவு, உன் பங்கு எவ்வளவுன்னு அவங்களுக்குத் தெரியாது. அடுத்த நாள்தான் நீ போன் பண்ணி வேலை மாத்திட்டாங்கன்னு சொன்ன.

அத்தைக்கு மூச்சு முட்டுதேன்னுதானே செஞ்சேன்னு எனக்கு நானே சொல்லிப் பாத்தேன். அது பாதிதான் உண்மை. முறையாக் கேட்டிருந்தாலும் டிரான்ஸ்ஃபார்மர் போயிருக்கும், கொஞ்சம் தாமதமா. அந்தத் தாமதத்தை அத்தை பொறுத்திருப்பா, என்னாலதான் பொறுக்க முடியல. அந்த வரியை எழுதின குற்ற உணர்ச்சி அரிச்சுக்கிட்டே இருந்துச்சு, சீக்கிரம் கழுவிடணும்னு பாத்தேன். என் கையைக் கழுவ உன் குடத்துத் தண்ணியை எடுத்துட்டேன்.

உன் மேலதிகாரிக்கு நானே எழுதிடறேன், அவ வீட்டுல சாதாரணமாப் பேசினதை நான்தான் வெளிய கொண்டு போயிட்டேன்னு ஒத்துக்கறேன்னு உக்காந்து பாதி எழுதியும் வச்சேன். அப்பா வாங்கிப் படிச்சுட்டுத் திருப்பிக் கொடுத்தார். அவளைக் கேக்காம அவ விஷயத்துல ஒரு தடவை கை வச்சது போதாதா, மறுபடியும் கேக்காமலேயே வைக்கப் போறியான்னு கேட்டார். அதனாலதான் முதல்ல உனக்கு எழுதறேன். நான் எழுதினா உனக்கு நல்லதுன்னு நீ நினைச்சா எழுதறேன், என் வேலைக்கு என்ன ஆனாலும் சரி. அது உன்னை இன்னும் சிக்கல்ல விடும்னா வாயே திறக்க மாட்டேன். நீயே உங்க ஆளுங்ககிட்டப் பேசிக்கறேன்னா அதுவும் சரி. எது வேணும்னு நீ சொல்லு, நான் யோசனை சொல்ல மாட்டேன், சொல்ற தகுதி இந்த விஷயத்துல எனக்கு இல்ல. கோபம் வந்தா கோபமாவே பேசு, பேசாம மட்டும் இருந்துடாதே. கொஞ்ச நாள் பேசாம இருக்கணும்னு தோணுச்சுன்னா அப்பாகிட்டயாவது பேசு, நான் பக்கத்து அறையில இருந்துக்கறேன்.

வேலை மாறினதுல பட்டினி கிடக்காதே, பழைய கட்டடத்துல ஏசிக் குளிர் ஜாஸ்தின்னு சொன்னியே, காதை மூடிக்கிட்டுப் போ. கண் பரிசோதனைக்கு நாள் வாங்கணும்னு சொல்லிக்கிட்டே இருக்க, இந்த மாசமாவது போயிட்டு வா. நீ நினைச்ச வேலை உனக்குத் திரும்பக் கிடைக்கணும், நீ நல்லா இருக்கணும், எங்க ஆயுசுல இருந்து எடுத்தாவது உனக்கு நிம்மதி வரணும்னு வேண்டிக்கறேன். அப்பாவும் அதையேதான் வேண்டறார், என்ன, என் பக்கத்துல உக்காந்து வேண்ட மாட்டேங்கறார்.

ஒண்ணு மட்டும் மனசைப் போட்டுப் பிசையுதும்மா. இத்தனை வருஷமா நீ சாப்பிட்டுக்கிட்டே ஆபீஸ் கதையெல்லாம் என்கிட்டக் கொட்டுவ, எதையும் நிறுத்தி யோசிச்சதில்ல. இனிமே வாயைத் திறக்கறதுக்கு முன்னால, இதை அம்மாகிட்டச் சொல்லலாமான்னு ஒரு நிமிஷம் யோசிப்ப. யோசி, யோசிக்கிறதுதான் சரி. அந்த ஒரு நிமிஷம் போன்ல எனக்குக் கேக்கும், கேட்டுக்கிட்டுச் சும்மா காத்துக்கிட்டு இருப்பேன்.

உன் நல்லதையே நினைச்சுக்கிட்டு இருக்கிற,
அம்மா