வலது சக்கரத்தின் சூடு

இன்று சிட்லபாக்கத்தில் மீனை விற்று முடித்து, தாம்பரம் வந்து பஸ் ஏறினேன். கேளம்பாக்கம் ஜங்ஷனில் டிரைவர் பிரேக்கை அமுக்கி வண்டியை நிறுத்தினதும் அந்த நாற்றம் உள்ளே வந்தது. பக்கத்து சீட்டுப் பெண் மூக்கைப் பொத்திக்கொண்டு என் கூடையைப் பார்த்தாள். கூடை காலி. "மீன் இல்லம்மா, பிரேக் காயுது" என்றேன். கண்டக்டர் திரும்பிப் பார்த்து, "ஆமாக்கா, லைனிங் நாத்தம்தான். உனுக்கு எப்பிடித் தெரியும்?" என்றான். உனக்குத் தெரியும், எனக்கு எப்படித் தெரியும் என்று.

நான் ஐந்தாவதோடு படிப்பை விட்டவள். எழுத்துக் கூட்டித்தான் எழுதுகிறேன். நீ போன பிறகு இங்கே நடந்ததை உனக்கு யார் சொல்லியிருக்கப் போகிறார்கள்? நான்தான் சொல்ல வேண்டும்.

சுனாமி அலை வந்து நம் கட்டுமரத்தைக் கொண்டுபோன பிறகு குப்பத்துக்கு ஃபைபர் படகுகள் வந்தன. தோள் கொடுத்து மேலே ஏற்ற முடியாத கனம். ஐஸ் வியாபாரம் செய்துகொண்டிருந்த ஓனர், படகு இழுக்க ஒரு பழைய சின்ன டிராக்டரை வாங்கி விட்டான். அலைக்குப் பிறகு கடலைப் பார்க்கவே பிடிக்காமல் இருந்த நீ, அதில் டிரைவராக ஏறினாய். "இனிமே கடலுக்கு முதுகக் காட்டிகினு ஒக்காந்து சம்பாதிப்பேன்" என்று சொல்லிச் சிரித்தாய்.

அந்த வண்டியின் பின்சக்கரம் தினமும் உப்புத் தண்ணீரில் இறங்கி ஏறியது. அதுதான் அதற்கு வியாதி. ஒரு நாள் வலது சக்கரத்தை ஜாக்கியில் தூக்கி வைத்து, நம் வாசலிலேயே வேலையை ஆரம்பித்தாய்.

"ஏறிக் குந்து" என்றாய் என்னிடம்.

"நானா? சீலையோடவா?"

"பின்ன, கலெக்டரக் கூப்புடவா? ஏறு. மிதின்னா மிதி, வுடுன்னா வுடு."

எதிர்வீட்டு அக்கா நின்று வேடிக்கை பார்த்தாள். "இன்னாடி, ஏரோப்ளேன் ஓட்டக் கத்துக்கிறியா?" என்றாள். எனக்கு வெட்கம் ஒரு பக்கம், பெருமை ஒரு பக்கம்.

நீ கீழே உட்கார்ந்து சக்கரத்தைக் கையால் சுற்றினாய். சுற்றியது. மிதித்தேன், நின்றது. விட்டேன்.

"பெடல் மேல வந்துச்சா?"

"வந்துச்சி."

"காலு எட்த்துட்டியா?"

"எட்த்துட்டேன்யா. சீலையப் புட்சிகினு குந்தினுகீறேன், பாரு."

சக்கரம் அசையவில்லை. பெடல் திரும்பி வந்தும் பிரேக் விடவில்லை. பெடலிலிருந்து பிரேக்குக்குப் போகிற ராடு இறுக்கமாக இருக்குமோ என்று நட்டைத் தளர்த்திப் பார்த்தாய். அப்பொழுதும் விடவில்லை. "அப்போ வெளிய கோளாறு இல்ல, உள்ளதான்" என்று சக்கரத்தைக் கழற்றி டிரம்மைத் திறந்தாய். உள்ளே உப்பும் மணலும் துருவும் கெட்டியாகப் பூத்துக் கிடந்தன. பிரேக் ஷூவை விரிக்கிற தண்டு துருப்பிடித்து, விரிந்த இடத்திலேயே நின்றுவிட்டது. ஷூவைத் திரும்ப இழுக்கிற ஸ்பிரிங்கோ இழுபட்டுத் தொளதொளவென்று இருந்தது. டீசல் ஊற்றி ஊறவைத்துத் தட்டி, கம்பி பிரஷ்ஷால் தேய்த்து, கிரீஸ் வைத்து மாட்டினாய். கொஞ்ச நாள் நன்றாக ஓடியது. மறுபடியும் கடல் தண்ணீர், மறுபடியும் அதே பேஜார்.

அன்றைக்கு எனக்கு ஒன்று காட்டினாய். வண்டி ஓடி நின்ற பிறகு இரண்டு டிரம்மிலும் கை வைத்துப் பார்க்க வேண்டும். "ஒண்ணு சில்லுனு, ஒண்ணு சூடா இருந்தா, சூடா கீறதுதான் மாட்டிகினு கீதுன்னு அர்த்தம்."

தண்டும் ஸ்பிரிங்கும் புதிதாகப் போட்டால்தான் தீரும் என்று ஓனரிடம் சொன்னாய். நானும் கூட நின்றேன். அவன் வெற்றிலையைத் துப்பிவிட்டுச் சொன்னான், "கடல் தண்ணியில போற வண்டி அப்பிடித்தான்யா இருக்கும். அந்தப் பக்கத்து ராடைக் கழட்டி வுடு. ஒரு பக்கம் பிரேக் பத்தாதா?"

"மணல்ல வண்டி தானா நின்னுடும்ணே. தார் ரோட்ல நிக்காது. மிதிச்சா ஒரே பக்கமா இழுக்கும்."

"ரோட்டுக்கு ஆரு அனுப்பப் போறா உன்னிய?"

நீ பின்னை உருவி ராடைக் கழற்றினாய். அது தொங்கி மணலில் இழுபடாமல் இருக்க, வீட்டிலிருந்து வலை நூல் எடுத்து வரச் சொல்லிக் கட்டினாய்.

காற்று பலமாக அடித்துப் படகுகள் கடலுக்குப் போகாத வாரம் வந்தது. கேளம்பாக்கம் பக்கம் கம்பெனிக் கட்டடங்கள் எழும்பிக்கொண்டிருந்த நேரம். டிரெய்லரை மாட்டிச் செங்கல் ஏற்றிப் போகச் சொன்னான் ஓனர். நீ மாட்டேன் என்றாய். "நீ போவாட்டி வேற ஆளு போறான். அப்பால படகு இழுக்கவும் அவனே வருவான்" என்றான். காலையில் கஞ்சி குடித்துவிட்டு, "ஒரே நடைதான், மொள்ளப் போய்ட்டு வந்துர்றேன்" என்று சொல்லிப் போனாய்.

இறக்கத்தில் குறுக்கே வந்த மாட்டுக்காகப் பிரேக்கை மிதித்திருக்கிறாய். இடது சக்கரம் மட்டும் பிடித்து வண்டி சுழன்று பள்ளத்தில் கவிழ்ந்தது. செங்கல் எல்லாம் உன் மேல்.

உன்னை அடக்கம் செய்துவிட்டுப் போய் அந்த வண்டியைப் பார்த்தேன். வலை நூல் இல்லை. ராடு அதன் இடத்தில் மாட்டியிருந்தது. துருவேறின இரும்புக்கு நடுவில் ஒரே ஒரு புதுப் பின் பளபளவென்று இருந்தது. போலீஸிலிருந்து வந்து பார்த்தவர்கள் பிரேக் இரண்டு பக்கமும் இருக்கிறது என்றார்கள். ஓனர், "கார்த்தாலேயே ஊத்திகினு ஏறிட்டான், நான் இன்னா பண்ணுவேன்?" என்று ஊர் முழுக்கச் சொன்னான். நீ குடிக்காதவன் இல்லை. சாயங்காலத்தில் குடிப்பாய், எல்லாரும் பார்த்திருக்கிறார்கள். அதனால் அந்தப் பொய் சுலபமாக ஒட்டிக்கொண்டது. நான் கத்தினதை, புருஷன் போன துக்கத்தில் பேசுகிறாள் என்று ஒதுக்கினார்கள்.

நான் சும்மா விடவில்லை. ஓனர் வண்டியை நிமிர்த்தி மறுபடியும் படகு இழுக்க விட்டான். வருகிற டிரைவர் ஒவ்வொருத்தனையும் வழியில் மறித்தேன். "வலது பிரேக் புட்சா வுடாது. எங்க வூட்டுக்காரரத் தின்ன வண்டி அது" என்பேன். ஒருத்தனும் நிலைக்கவில்லை. வாசலில் வந்து நின்று ஓனர் என்னைத் திட்டினான். திட்டட்டும் என்று அவன் முகத்துக்கு நேராக மீன் செதிளைச் சுரண்டிக்கொண்டிருந்தேன்.

கடைசியில் தன் மகன் சுரேஷையே ஏற்றினான். கல்யாணத்துக்குப் பெண் பார்த்துக்கொண்டிருந்த பிள்ளை.

உனக்கு ஒளிக்க மாட்டேன். முதல் நாள் நான் வாயைத் திறக்கவில்லை. அவன் வீட்டுக்கும் ஒரு பிணம் வரட்டும் என்று பார்த்துக்கொண்டிருந்தேன். மறுநாளிலிருந்து செங்கல் நடைக்குப் போகிறான் என்று கேள்விப்பட்டபோது, என் வயிறு குளிர்ந்தது. அப்புறம் யோசித்தேன். மகன் செத்தால் இவன் அழுவான். ஊரே இவன் தோளைப் பிடித்துக்கொண்டு நிற்கும். இவன் பாவப்பட்ட அப்பன் ஆகிவிடுவான், நீ குடிகாரனாகவே கிடப்பாய். அந்த அழுகையை இவனுக்குக் கொடுக்கக் கூடாது என்று தோன்றியது. பிள்ளை மேல் இரக்கம் என்று யாராவது சொன்னால் நம்பாதே.

விடிந்ததும் கரையில் மீன் ஏலம். ஓனர் அங்கேதான் நின்றான். சுரேஷ் படகுகளை இழுத்துவிட்டு வண்டியை நிறுத்தினான்.

"சுரேஷு, எறங்கு" என்றேன்.

"இன்னாக்கா, கீற டிரைவரெல்லாம் தொரத்திட்டு இப்ப எனக்கு வந்துட்டியா?" கூட்டம் சிரித்தது.

"எறங்குடா. எடது டிரம்முல கைய வை."

வைத்தான். "சில்லுனு கீது."

"இப்ப வலது."

வைத்த கையை உதறிக்கொண்டு எடுத்தான். "அம்மாடி! தோசக்கல்லு கணக்கா கீது!"

"எத்தினி தபா மிதிச்ச?"

"கார்த்தால தண்ணியாண்ட ஒரே தபா."

"அது இன்னும் வுடல. அதுக்குத்தான் உங்கப்பன் அந்த ராடைக் கழட்டச் சொன்னான். கழட்டின வண்டியதான் ரோட்டுக்கு அனுப்புனான்."

ஓனர் கூட்டத்தைத் தள்ளிக்கொண்டு வந்தான். "இன்னா ஒளர்ற? ராடு மாட்டித்தான இருந்திச்சி! பாத்தவங்களே சொல்லல?"

சுரேஷ் அவனைப் பார்க்கவில்லை. குனிந்து அந்த ராடையே பார்த்துக்கொண்டிருந்தான். பிறகு நிமிராமலே கேட்டான்.

"நைனா, இந்தக்கா வூட்டுக்கார அண்ணன் செத்த அன்னிக்கு என்னியக் கேளம்பாக்கம் அனுப்சி ஒரு பின்னு வாங்கியாரச் சொன்னியே. அது இதுக்குத்தானா?"

ஏலம் கூறிக்கொண்டிருந்தவன்கூட நிறுத்திவிட்டான். ஓனர், "வூட்டுக்கு வாடா, பேசிக்கலாம்" என்றான். அதற்கு மேல் அங்கே யாருக்கும் வேறு பதில் வேண்டியிருக்கவில்லை.

சுரேஷ் வீட்டுக்குப் போகவில்லை. தாம்பரம் பக்கம் அறை எடுத்துக்கொண்டு ஏதோ வேலைக்குப் போகிறானாம், அப்பனோடு பேச்சில்லை. வண்டியை யாரும் தொடுவதில்லை. கேஸ் காகிதம் மட்டும் மாறவில்லை. அதில் இன்னும் உன் தப்புத்தான். ஆனால் குப்பத்தில் உன்னைக் குடிகாரன் என்று சொல்ல ஒரு நாக்கு இல்லை.

ஓனர் தன் பெண்சாதியை அனுப்பினான். "மன்சுல வச்சிக்காத, வுட்ருடி" என்றாள். "அவரு எயுந்து வந்து சொல்லட்டும், வுட்ர்றேன்" என்றேன். போய்விட்டாள்.

கடற்கரைக்குப் போக நம் வாசல் வழிதான் கிட்டம். காலையில் நான் வாசலில் உட்கார்ந்து மீன் பிரிப்பேன். ஓனர் அந்த வழியில் வருவதில்லை. சவுக்குத் தோப்பைச் சுற்றி, சுடுமணலில் செருப்பு புதையப் புதைய நடந்து போகிறான். முட்டிவலியாம், நடுவில் நின்று நின்று போகிறானாம். வெள்ளிக்கிழமைதோறும் கோயிலுக்குப் போகிறேன். உனக்காக ஒரு விளக்கு ஏற்றுகிறேன். அவனுக்காகவும் வேண்டிக்கொள்கிறேன், அவன் ரொம்ப நாள் உயிரோடு இருக்க வேண்டும் என்று. இருக்கிற நாளெல்லாம் சுற்றித்தான் போக வேண்டும்.