முப்பது வினாடி

பிப்ரவரி 3, திங்கள்

இரண்டு கோடு. குச்சியைத் தொட்டி விளிம்பில் வைத்துவிட்டுப் பல் தேய்த்துக்கொண்டிருந்தேன். திரும்புவதற்குள் வந்துவிட்டது. வாயில் நுரையோடு அப்படியே நின்றேன்.

சந்தோஷமா? சந்தோஷம்தான். ஆனால் முதலில் வந்தது அது இல்லை. சாவியை உள்ளே வைத்துக் கதவைச் சாத்திவிட்டோம் என்று தெரியும் அந்த நொடி இருக்குமே, அதுதான் வந்தது.

அவர் மூக்குக்கண்ணாடிக் கடையைத் திறக்கக் கிளம்பிக்கொண்டிருந்தார். சொன்னதும் பையைக் கீழே வைத்தார். "இன்னைக்கே ஆபீஸ்ல எழுதிக் கொடுத்துடு" என்றார். கட்டிப்பிடித்தது அதற்குப் பிறகுதான்.

விமானப் பணிப்பெண்ணுக்கு விதி அதுதான். தெரிந்த அன்றே எழுதிக் கொடுக்க வேண்டும், அன்றோடு பறப்பது நிற்கும், தரையில் ஒரு மேசை தருவார்கள். எனக்குத் தெரியாததா? போன வருடம் ஐந்தாவது வாரத்திலேயே ஓடிப்போய் எழுதிக் கொடுத்தவள் நான். பணிநேரப் பட்டியல் போடும் அறையில் இடம் கிடைத்தது. சுழல் நாற்காலி, கால் வைக்க ஓர் அட்டைப்பெட்டி. எட்டாவது வாரம் அந்த நாற்காலியில் உட்கார்ந்திருக்கும்போதுதான் கலைந்துபோயிற்று. பறக்கும்போது இல்லை.

பிறகு, மறுபடி பறக்கலாம் என்ற சான்றிதழோடு அதே அறைக்குப் போனேன். ஏழு பேர் இருந்தார்கள். ஒருவர்கூட நிமிரவில்லை. அந்த ஏழு தலைகளின் வகிட்டையும் இன்றைக்கும் என்னால் வரைந்து காட்ட முடியும்.

இந்தத் தடவை பன்னிரண்டு வாரம் முடியட்டும். அப்புறம் சொல்கிறேன்.

பிப்ரவரி 6, வியாழன்

டாக்டர் அம்மா ஆறு வாரம் என்றார். பறக்கலாமா என்று யாருக்காகவோ கேட்பதுபோல் கேட்டேன்.

"பயணியா ரெண்டு தடவை போய் வர்றதுக்குப் பொதுவா பயப்பட வேண்டாம். உங்க வேலை வேற. மணிக்கணக்கா நிக்கிறது, தூக்கிறது, தூக்கம் கெடுறது, மாசம் முழுக்க மேலேயே இருக்கிறது. வேலையில சொல்லிட்டீங்கல்ல?"

"சொல்லிட்டேன் டாக்டர்."

எவ்வளவு சுலபமாக வந்தது! நானே மலைத்துப்போனேன்.

பிப்ரவரி 9, ஞாயிறு

காலைப் பறப்பு. எங்கள் குழுத் தலைவிக்கு நாங்கள் வைத்திருக்கும் பெயர் கடிகாரம். ஒரு நிமிடம் தாமதமாகப் போனாலும் முகத்தைப் பார்க்காமல் சுவரில் மணியைப் பார்ப்பார். கிளம்பும் முன் அறையில் எல்லோரையும் உட்கார வைத்து, கடைசியாக ஒன்று கேட்பார்: "எல்லாரும் பறக்கத் தகுதியா இருக்கீங்களா?" கேட்டே ஆக வேண்டிய கேள்வி. பன்னிரண்டு வருடமாக உதட்டுச்சாயம் பூசிக்கொண்டே தலையாட்டியிருக்கிறேன். இன்றும் ஆட்டினேன்.

விமானம் ஓடத் தொடங்கியதும் மடக்கு இருக்கையில் நிமிர்ந்து உட்கார்ந்து, கைகளைத் தொடைக்கு அடியில் வைத்து, முப்பது வினாடி நாங்கள் யாரோடும் பேச மாட்டோம். மனதுக்குள் ஒத்திகை. இப்போது நெருப்பு வந்தால் எந்தக் கதவு? என்ன சொல்லிக் கத்துவேன்? பயணிகளில் யாரை உதவிக்குக் கூப்பிடுவேன்? கைகால் திடமானவரை. யாரைக் கூப்பிடக் கூடாது? சிறுவர், கட்டுப் போட்டவர், கைக்குழந்தைக்காரி, கர்ப்பிணி.

கடைசிச் சொல் வந்ததும் ஜன்னல் பக்கம் பார்த்துவிட்டேன்.

பிப்ரவரி 11

கழிப்பறையில் தண்ணீர் இழுக்கும் சத்தத்தோடு சேர்த்து வாந்தி எடுக்கக் கற்றுக்கொண்டேன். இதற்கும் ஒரு சான்றிதழ் கொடுக்கலாம்.

பிப்ரவரி 14, வெள்ளி

வீட்டில் சண்டை. பாத்திரம் விளக்கிக்கொண்டே தொடங்கினார்.

"பொய்யாத் தலையாட்டிட்டு மேல போறே. இங்க கடையில ஒவ்வொரு நாளும் நான் எப்படி இருக்கேன்னு உனக்குத் தெரியுமா? நேத்து ஒருத்தருக்கு இடது கண் பவரை வலதுல போட்டுக் கொடுத்துட்டேன்."

"போன தடவை தரையிலதான இருந்தேன்? தரை காப்பாத்துச்சா?"

சொல்லியிருக்கக் கூடாது. கண்ணாடியைக் கழற்றித் துடைக்க ஆரம்பித்தார். இந்த மனிதர் கண்ணாடி துடைத்தால் அழப்போகிறார் என்று அர்த்தம். எனக்கும் அழுகை வந்தது. ஆனாலும் விட்டுக்கொடுக்கவில்லை. அந்த அறைக்குள் நான் மறுபடி நுழைய மாட்டேன். அவ்வளவுதான்.

பிப்ரவரி 18, செவ்வாய்

சீருடையைக்கூட மாற்றாமல் எழுதுகிறேன். எழுத்து இப்படித்தான் வரும்.

பின்பகுதியில் சாப்பாட்டு டிராலி. முன்னால் இழுப்பவள் சுண்டெலி — வேலைக்கு வந்து நான்கு மாதம், ஆள் சின்னவள், எல்லாவற்றுக்கும் ஓடுவாள், அதனால் அந்தப் பெயர். பின்னால் தள்ளுவது நான். திடீரென்று காற்றுப் பள்ளம். பெரிய பள்ளம். கால் தரையில் இல்லை. இதற்கு எனக்குப் பயிற்சி உண்டு, மற்றவர்களுக்குப் பயிற்சி கொடுத்தும் இருக்கிறேன்: சிவப்பை மிதி, பிரேக் விழும், டிராலியை விடாதே, பக்கத்து இருக்கையில் உட்கார்.

சிவப்பை மிதிக்கவில்லை. இரண்டு கையும் வயிற்றுக்குப் போய்விட்டன. இரண்டும்! நான் போகச் சொல்லவே இல்லை.

டிராலி எம்பி அவள் பாதத்தில் இறங்கியது. கத்தக்கூட இல்லை பாவி. "அக்கா, உங்களுக்கு அடி படலையே?" என்றாள்.

பாதத்தில் இரண்டு எலும்பு முறிந்திருக்கிறதாம்.

என் வயிறு? ஒன்றும் இல்லை. பத்துத் தடவை கழிப்பறைக்குப் போய்ப் பார்த்துவிட்டேன். ஒன்றும் இல்லை.

பிப்ரவரி 19, புதன்

அறிக்கை எழுதிக் கொடுத்தேன். "பிரேக்கைப் போட்டேன். எப்படியோ கழன்றுவிட்டது."

பிப்ரவரி 20

எட்டு வாரம். இன்று வீட்டில் யாரும் வாரத்தைப் பற்றிப் பேசவில்லை.

பிப்ரவரி 21, வெள்ளி

கடிகாரம் என்னைத் தனியாகக் கூப்பிட்டார். டிராலியில் ஒரு பழுதும் இல்லையாம். சிவப்பை மிதித்திருந்தால் தானாகக் கழலாது. யாராவது பச்சையை மிதித்தால்தான் கழலும்.

"நீ போட்டேன்னு எழுதியிருக்கே. அப்ப அவதான் பதற்றத்துல பச்சையை மிதிச்சிருக்கணும். பயிற்சிக் காலம் இன்னும் முடியல. வேலையில வைக்க மாட்டாங்கன்னு நினைக்கிறேன். உனக்கென்னம்மா தோணுது?"

சுவர் மணியைப் பார்க்கவில்லை. என்னையே பார்த்தார். "தெரியல மேடம்" என்றேன்.

பிறகு பறப்பு. தலையாட்டினேன், போனேன், உட்கார்ந்தேன். முப்பது வினாடி. எந்தக் கதவு — பின் இடது. யாரைக் கூப்பிடுவேன் — பின்னாலிருந்து மூன்றாம் வரிசையில் தாடிக்காரர், தோள் அகலம். யாரைக் கூடாது — அந்த இடத்தில் நின்றுவிட்டது. நூற்று எண்பது பேர் என் பக்கத்துக் கதவை நம்பி உட்கார்ந்திருக்கிறார்கள். கதவைத் திறக்க வேண்டிய நேரத்தில் என் கை எங்கே போகும் என்று செவ்வாய்க்கிழமையே பார்த்தாகிவிட்டது. அந்தக் கதவுக்கு நானே என்னைக் கூப்பிட மாட்டேன்.

எட்டு வாரப் பொட்டுக்காக ஒருத்தியின் காலை உடைத்தேன். இப்போது அவள் வேலையையும் கேட்கிறேனா? நான் இப்படிப்பட்டவளா?

பிப்ரவரி 22, சனி

"எல்லாரும் பறக்கத் தகுதியா இருக்கீங்களா?"

ஐந்து தலை ஆடியது. நான் ஆட்டவில்லை. யாரும் முதலில் கவனிக்கவில்லை. ஒருத்தி பேனாவை மூடிவிட்டு எழுந்தேவிட்டாள். கடிகாரம் மட்டும் உட்கார்ந்தே இருந்தார்.

"நான் இல்ல மேடம். எட்டு வாரம். செவ்வாய்க்கிழமை நான் பிரேக் போடல. அவ மேல தப்பு இல்ல. அறிக்கையில நான் எழுதினது பொய்."

கடிகாரம் என் பக்கம் திரும்பினார். ஒரு நொடியாவது சுவர் மணியைப் பாருங்களேன் என்றிருந்தது. பார்க்கவில்லை. மாற்று ஆளுக்குப் போன் செய்தார், என் முன்னால் ஒரு வெள்ளைத் தாளை வைத்தார். "உட்கார்ந்து எழுது. நிதானமா. விமானம் தாமதமானா நான் பதில் சொல்லிக்கிறேன்."

தாமதம்! கடிகாரத்தின் வாயிலிருந்து!

பிப்ரவரி 23, ஞாயிறு

சுண்டெலி வீட்டுக்குப் போனேன். காலில் முழங்கால் வரை கட்டு, மடியில் தலையணை. வாசலிலேயே சொல்லிவிட்டேன், உள்ளே போய்ச் சொன்னால் தைரியம் போய்விடும் என்று.

தலையணையை இழுத்துச் சரிசெய்தாள். திட்டினால் தேவலை என்று நின்றேன்.

"மேடம் கேட்டதுலேருந்து மூணு நாளா யோசிச்சுப் பார்க்கிறேன்க்கா, பச்சையை நான் எப்ப மிதிச்சேன்னு. மிதிச்ச மாதிரியே ஞாபகம் வர ஆரம்பிச்சிடுச்சு" என்றாள். பிறகு, "முன்னாடியே சொல்லியிருந்தா நான் பின்னால நின்னு தள்ளியிருப்பேன்ல? உங்களுக்காக அதுகூடச் செய்ய மாட்டேன்னு நினைச்சீங்களா?"

திட்டே தேவலை.

பிப்ரவரி 25, செவ்வாய்

அதே அறை. அதே சுழல் நாற்காலி. அட்டைப்பெட்டி மட்டும் புதிது. எச்சரிக்கைக் கடிதம் வந்தது, தலைவி பதவிக்கான தேர்வு இரண்டு வருடம் தள்ளிப்போகிறது. சரி. பட்டது போதாது என்றால் இன்னும் கொடுங்கள்.

மூன்று மணிக்குக் கழிப்பறையில் ஒரு துளி. பழுப்பு.

இல்லை இல்லை இல்லை. தரைக்கு வந்துட்டேனே. எல்லாத்தையும் சொல்லிட்டேனே. இன்னும் என்ன வேணும்?

பிப்ரவரி 26, புதன்

ஸ்கேன் அறை. அவர் கண்ணாடியைக் கழற்றிக் கையில் வைத்திருந்தார். துடைக்கவும் இல்லை, போடவும் இல்லை. டாக்டர் அம்மா திரையைத் தன் பக்கம் திருப்பி வைத்திருந்தார். போன தடவையும் அப்படித்தான் வைத்திருந்தார்.

திருப்பினார். ஒரு பொட்டு. துடித்துக்கொண்டிருந்தது. ஆந்தை முழிப்பதுபோல் முழித்துக்கொண்டு கிடந்தேன்.

"இந்த மாதிரித் துளி சில பேருக்கு வரும். பார்த்துக்கலாம்" என்றார்.

அப்போதுதான் கேட்டேன். ஒரு வருடமாகக் கேட்காமல் வைத்திருந்தது. "போன தடவை நான் ஏதாவது பண்ணதாலயா டாக்டர்?"

"பறந்ததாலன்னும் சொல்ல முடியாது, உட்கார்ந்ததாலன்னும் சொல்ல முடியாது. பெரும்பாலும் அது நிக்கிறதும் போறதும் நம்ம கையில இல்லம்மா. டிராலி பிரேக்தான் உங்க கையில."

எல்லாவற்றையும் டாக்டரிடம் முன்பே ஒப்பித்திருந்தேன், பொய் உட்பட.

கண்ணாடியைப் போட்டுக்கொண்டு இவர் கேட்டார்: "எங்கே? எனக்குத் தெரியலையே?" கண்ணாடிக் கடைக்காரர்!

மார்ச் 20

பன்னிரண்டு. அறையில் ஏழு பேரும் நிமிர்ந்து பார்த்தார்கள். ஒருத்தர் அட்டைப்பெட்டிமேல் துணி தைத்துப் போட்டிருக்கிறார்.

ஜூன் 8, ஞாயிறு

அம்மா வீட்டுக்குப் பயணம். பறக்கலாம் என்று டாக்டர் கடிதம் கைப்பையில். பயணியாக ஏறினேன், பழக்க தோஷத்தில் அவசர வழிக் கதவோரமாகவே உட்கார்ந்தேன்.

"அக்கா, இங்க நீங்க உட்காரக் கூடாது. பின்னால போங்க."

சுண்டெலி! கால் சரியாகி, பயிற்சிக் காலம் முடிந்து, சட்டையில் நிரந்தர ஊழியருக்கான அடையாள வில்லை. சிரிக்கவில்லை, வேலையில் இருக்கிறாளாம். எழுந்து போனேன். பின்னாலேயே வந்து, என் பக்கத்து இருக்கைக்காரரிடம் குனிந்து சொன்னாள்: "சார், ஏதாவது அவசரம்னா இவங்களை நீங்கதான் கதவு வரைக்கும் கூட்டிட்டு வரணும். சரியா?" அவர் என் வயிற்றைப் பார்த்துவிட்டுப் பள்ளிக்கூடப் பையன்போல் தலையாட்டினார்.

விமானம் ஓடத் தொடங்கியது. எதிரே மடக்கு இருக்கையில் அவள், கைகள் தொடைக்கு அடியில். அவள் கண் வரிசை வரிசையாக வந்தது. தோள் அகலமானவர் மேல் நின்றது. நகர்ந்தது. என்மேல் வந்து நின்றது. அது எந்த வினாடி என்று எனக்குத் தெரியும்.

என் ஒத்திகையை நான் தொடங்கவில்லை. கதவை அவள் பார்த்துக்கொள்வாள். இரண்டு கையையும் வயிற்றின் மேல் வைத்துக்கொண்டேன். உள்ளேயிருந்து ஒரு உதை வந்தது, பக்கத்து இருக்கைக்காரர் "என்னம்மா, ஏதாவது அவசரமா?" என்று பதறிப்போனார்.

"ஒண்ணும் இல்லைங்க" என்றேன்.