முத்திரை உடையாத மருந்துப் பெட்டி

நலம் பெருகுக. மழை பொய்யாது பெய்க.

ஆனைப்புளி மரங்கள் அரண் செய்யும் செங்கரை நாட்டின் கோமான், உப்புத்துறை ஏழும் உடைய முசேனி வேந்தர், மேலெல்லையை ஆளும் தகாரி நாயகருக்கு விடுத்த ஓலை. நாயகரும் நும் குடிகளும் ஆநிரையும் தினைப்புலமும் இனிது வாழ வேந்தர் வேண்டுகின்றார். அவ்வாறு வேண்டும் தகுதி தமக்கு இன்று குறைந்திருப்பதை அறிந்தே வேண்டுகின்றார்.

நும் ஆளுகைக்கு உட்பட்ட வறளாற்றங்கரையில் பதினொரு குடியிருப்புகளுக்கும் மருந்துச்சாலை ஒன்றே. அதன் மருத்துவரும் தெம்போ ஒருவரே. தலைநகரில் நோயாளரைப் பேணும் பெரிய ஆதுலசாலைக்கு மூன்றாம் மாடமும் பொற்கலசமும் எழுந்த ஆண்டில் அம்மருந்துச்சாலைக்குச் சென்றது ஒரே ஒரு பெட்டி. மருந்து வழியில் களவு போகாதிருக்க வேந்தரே விதி ஒன்று செய்திருந்தார்: அரச முத்திரையிட்ட பெட்டியைக் கண்காணி நேரில் வந்து திறந்தாலன்றி எவரும் திறத்தல் ஆகாது. குறையற்ற விதி என்று அவையோர் புகழ்ந்தனர். ஆறு பெருகினால் கண்காணி எவ்வாறு வருவார் என்று ஒருவரும் வினவவில்லை.

பெட்டி வந்த மறுநாள் ஆறு பெருகியது. கண்காணி அக்கரையில் தங்கிவிட்டார். நான்காம் நாள், மலைக்கா என்னும் பெண், குளிர்சுரம் கண்ட தன் மகள் சிதியை முதுகில் கட்டிக்கொண்டு இரண்டு நாள் வழி நடந்து வந்து சேர்ந்தாள். அச்சுரத்தைத் தணிக்கும் பட்டைப்பொடி பெட்டிக்குள் இருப்பதைத் தெம்போ அறிவார். தமக்கு முன்னிருந்த மருத்துவர், பாம்பு தீண்டிய உழவன் ஒருவனுக்காக முத்திரையை உடைத்துப் பணியிழந்து ஊரை விட்டு நீங்கியதையும் அறிவார். உளியை இருமுறை கையில் எடுத்தார். இருமுறையும் கீழே வைத்தார். ஈரத்துணியும் கஞ்சியுமே சிதிக்குக் கிடைத்தன. பெட்டிக்குள் உறங்குபவர் அரசர்தாமோ, தட்டி எழுப்பினால் சினந்து கொள்வாரோ என்று மலைக்கா கேட்டாள். தெம்போ ஈரத்துணியை மீண்டும் நனைத்துப் பிழிந்தார்.

வந்து சேர்ந்த மூன்றாம் நாள் நண்பகலில் சிதி இறந்தாள். அவளுக்கு வயது ஏழு. அவள் கிடந்த பாய்க்கும் பெட்டிக்கும் இடையே இருந்த தொலைவு நான்கு முழம்.

வெள்ளம் வடிந்தபின் கண்காணி வந்தார். முத்திரை பழுதுறாமை கண்டு மகிழ்ந்தார். மருத்துவருக்குப் பட்டாடை வழங்கல் தகும் என்று எழுதினார். வேந்தர் அதனைப் படியாமலே ஒப்பமிட்டார்.

பட்டாடை ஒரு திங்களில் திரும்பி வந்தது. அதன் மடிப்பில் தெம்போ வைத்திருந்த ஓலையில், நடந்தவை யாவும் நாள் பிசகாமல் எழுதப்பட்டிருந்தன. தாம் விதியை மீறவில்லை என்றும், அக்குற்றத்திற்குத் தம்மைத் தண்டிக்க வேண்டும் என்றும் அவர் முடித்திருந்தார். வேந்தர் அவ்வோலையை அவையில் இருமுறை படிக்கச் செய்தார். விதியைப் புகழ்ந்தவர்கள் அன்று எதையும் புகழவில்லை.

ஆதலின், இவ்வோலை கண்ட நாள்முதல் மருந்துப் பெட்டி எதற்கும் முத்திரை இல்லை. மருத்துவர் கையே சான்று. ஆதுலசாலையின் மாடத்திற்கு விட்டிருந்த உப்புத்துறை வரி முழுவதும் இனி எல்லை மருந்துச்சாலைகளுக்கே உரியது. அடுத்த வெள்ளத்திற்கு முன் வறளாற்றின் இருகரையிலும் மருத்துவரும் மருந்தும் இருத்தல் வேண்டும். ஊரை விட்டு நீங்கிய பழைய மருத்துவரைத் தேடி அழைத்து, இத்துடன் வரும் பட்டாடையை அவருக்கு அளிக்க. தெம்போ வேண்டிய தண்டனை அவருக்கு இல்லை. அதற்கு உரியவர் வேறொருவர்.

மலைக்காவிடம் பொன்னோ பசுவோ கொண்டு செல்லற்க. நாயகரே அவள் நடந்த வழியில் இரண்டு நாள் நடந்து சென்று, அவள் கேட்ட கேள்வி அரசரை எட்டியது என்றும், அவரிடம் விடை இல்லை என்றும் கூறுக.

கோமான் சொல்ல, ஓலைநாயகன் உதேமி எழுதினேன். அரச ஓலையின் கட்டின்மேல் அரக்கு முத்திரை இடுவது இந்நாட்டு மரபு. வேந்தரின் ஆணைப்படி இவ்வோலைக்கு அஃது இடப்படவில்லை. வழியில் எவர் கைக்கு எட்டினும் அவர் பிரித்துப் படிக்கலாம்.